விளையாட்டு வணிகத்தில் வேலை தேடுவோருக்கான ஒரு பட்டயப் படிப்பு: மதிப்புரை

சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் வார இறுதி வகுப்புகளாக நடத்தும் பத்து மாத விளையாட்டு மேலாண்மைப் பட்டயப் படிப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. நுகர்பொருள் நிறுவனமொன்றின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அதில் சேர்ந்து படித்து முடித்தேன். கட்டணம் மூன்றரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏறக்குறைய இதே பாடத்திட்டத்தை, இதே விளம்பர வாசகங்களுடன் மும்பையிலும் பெங்களூரிலும் வேறு பலரும் விற்கிறார்கள் என்பதால், நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைப் படிப்புக்கே பொதுவானவை. மைதானத்துக்குள் இறங்காமல், ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர், டிக்கெட், போட்டி நடத்துதல், வீரர் ஒப்பந்தம் என்று விளையாட்டைச் சுற்றி நடக்கும் தொழிலில் நிலைகொள்ள விரும்புகிறவருக்கு இந்தச் செலவு தகுமா என்பதே கேள்வி. என் கணிப்பில் பாதிப் படிப்பு தகும். விளம்பரத் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது மற்றப் பாதி.

சேர்க்கைக்கு முன் நடக்கும் அறிமுகக் கூட்டத்தில் சுவரெங்கும் ஜெர்சிகள் தொங்குகின்றன; திரையில் ஐபிஎல் ஏலத்தொகைகள் ஓடுகின்றன. நேர்காணல் என்ற பெயரில் நடப்பது ஒரு நட்பான உரையாடல். பிடித்த அணி எது, பிடித்த வீரர் யார், விளையாட்டின் மீது எவ்வளவு ஆர்வம் என்று கேட்டார்கள். ஒரு பொருளை யாரிடமாவது விற்றிருக்கிறாயா, அறிமுகமில்லாத ஒருவரிடம் பணம் கேட்டிருக்கிறாயா என்று எவரும் கேட்கவில்லை. பின்னால் பார்க்கையில், கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது. என்னுடன் சேர்ந்தவர்களில் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் சலித்தவர்கள் இருந்தார்கள். மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆடி அதற்கு மேல் போக முடியாதவர்கள் இருந்தார்கள். ஓர் உடற்கல்வி ஆசிரியையும் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் பருவம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குகிறது. இதைக் குறையின்றி நடத்தினார்கள். 2008 ஜனவரியில் ஐபிஎல்லின் எட்டு அணிகளும் சேர்த்து ஏறத்தாழ 72 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. அதிக விலை போன மும்பை 11.19 கோடி டாலர், சென்னை 9.1 கோடி டாலர். 2021 அக்டோபரில் புதிதாக ஏலம் விடப்பட்ட இரண்டு அணிகளில் லக்னோ 7,090 கோடி ரூபாய்க்கும் குஜராத் 5,625 கோடி ரூபாய்க்கும் போயின. இந்த ஏற்றத்துக்கு ரசிகர்களின் வெறி மட்டும் காரணமல்ல என்பதை ஆசிரியர் ஒளிபரப்பு உரிமைக் கணக்கைக் கொண்டு காட்டினார். 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டு உரிமை 16,347.5 கோடி ரூபாய்க்குச் சென்றது. 2022 ஜூனில் நடந்த மின்னணு ஏலத்தில் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அது 48,390 கோடியானது. அதில் இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. டிஜிட்டல் உரிமை 23,758 கோடி. கைப்பேசித் திரை தொலைக்காட்சியை விலையில் முந்திய அந்தச் சிறு இடைவெளியை வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் விவாதம் நடந்தது, அது வீணாகவில்லை.

அதன்பின் எங்களையே கணக்குப் போடச் சொன்னார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,700 கோடி. அதில் சுமார் பாதியைப் பத்து அணிகள் பகிர்ந்துகொள்வதாக வைத்தால் ஓர் அணிக்கு 480 கோடியை ஒட்டிய தொகை. 2025 பருவத்துக்கான வீரர் ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு 120 கோடி. அதாவது, ஒரு டிக்கெட்கூட விற்காமல், ஒரு தொப்பிகூட விற்காமல், அணி தன் பெருஞ்செலவைக் கடந்துவிடுகிறது. இதைப் பார்த்து வகுப்பே வாய்பிளந்தது. ஆனால் இதிலிருந்து வேலை தேடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவை ஆசிரியர் எடுத்துத் தரவில்லை, நிர்வாகத்துக்கும் அதில் விருப்பமிருக்க நியாயமில்லை. மும்பையில் ஓர் ஏல அறையில் ஒரே கையெழுத்தில் வந்து சேரும் வருமானத்தை ஈட்ட ஆயிரம் பேர் தேவையில்லை. ஓர் அணிக்கு லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் கிடைப்பவை பொதுவாக ஏழு ஆட்டங்கள். அந்த ஏழு ஆட்டங்களுக்காக ஆண்டு முழுவதும் பெரிய அலுவலகம் வைத்திருக்க எந்த உரிமையாளரும் முன்வர மாட்டார். நிரந்தர ஊழியர் சிலர் இருப்பார்கள், பருவம் தொடங்குகையில் நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனங்களையும் தற்காலிக ஆட்களையும் அமர்த்திக்கொள்வார்கள். தொழிலில் புரளும் பணத்தின் அளவை வைத்து அதிலுள்ள வேலைகளின் அளவை மதிப்பிட முடியாது என்ற இந்த ஒரு செய்தியை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், பாதிப் பேர் தங்கள் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். சிலர் சேராமலே இருந்திருப்பார்கள் என்பதால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

கிரிக்கெட்டுக்கு வெளியே உள்ள லீக்குகளுக்கு இரண்டே வகுப்புகள். 2014-இல் தொடங்கிய புரோ கபடி, அதே ஆண்டு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமையே 951 கோடிக்குப் போன மகளிர் பிரீமியர் லீக் ஆகியவை வேகவேகமாகக் கடந்து செல்கின்றன. இங்கேதான் நின்று பேசியிருக்க வேண்டும். கால்பந்துக் கூட்டமைப்பும் வணிகப் பங்காளியும் 2010-இல் 15 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டப்படாததால் 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஊதியத்தை நிறுத்தின. ஆட்டக்காரர்களின் நிலை செய்தியானது. டிக்கெட் பிரிவிலும் சமூக ஊடகப் பிரிவிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களின் நிலை பெரிதாகச் செய்தியாகவில்லை. இந்தத் தொழிலில் நுழைகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம், தன் சம்பளம் யாருக்கும் யாருக்கும் இடையிலான எந்த ஒப்பந்தத்தின் மீது நிற்கிறது, அது எப்போது முடிகிறது என்பதே. கிரிக்கெட்டிலும் இது நடந்ததுதான். சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்கள் தடையில் இருந்ததை நம்மூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஸ்பான்சர்ஷிப் விற்பனை என்ற தாளுக்காக மட்டுமே கட்டணத்தின் பெரும்பகுதியை நான் நியாயப்படுத்துவேன். நடத்தியவர் ஒரு தமிழ் நாளிதழில் விளம்பர இடம் விற்றுத் தொழில் கற்று, பிறகு லீக் போட்டிகளுக்கு ஸ்பான்சர் பிடிக்கும் வேலைக்கு வந்தவர். ஸ்லைடுகள் அவரிடம் இல்லை. ஒரு மாவட்ட அளவிலான டி20 தொடரைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, அதில் விற்கக்கூடிய ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னார். ஜெர்சியின் மார்பு, முதுகு, கை, தொப்பி, ஹெல்மெட், எல்லைக்கோட்டு மெத்தை, எல்இடி போர்டு, வீரர்கள் அமரும் டக்அவுட்டின் கூரை, இடைவேளை, மூன்றாம் நடுவரின் திரை, ஆட்ட நாயகன் காசோலை, பரிசளிப்பு மேடையின் பின்திரை, அணியின் சமூக ஊடகப் பதிவுகள், வீரர்களின் கைபிடித்து மைதானத்துக்குள் வரும் குழந்தைகள் வரை பட்டியல் நீண்டது. பட்டியல் போடுவது எளிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்து, அந்த விலையை ஏன் வைத்தாய் என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் விளக்குவதுபோல் அவரிடம் விளக்க வேண்டியிருந்தபோதுதான் பலருக்கு வியர்த்தது.

அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவை இரண்டு. ஒன்று, துறைவாரித் தனியுரிமை. ஒரு சிமென்ட் நிறுவனத்திடம் பணம் வாங்கிவிட்டால் இன்னொரு சிமென்ட் நிறுவனம் எவ்வளவு கொடுத்தாலும் எல்லைப் பலகையில்கூட அதற்கு இடமில்லை. எனவே முதலில் வரும் சிறிய தொகையை ஏற்றுக்கொள்வது, பின்னால் வரக்கூடிய பெரிய தொகையை மூடிவிடும் செயல். இரண்டு, புதுப்பித்தல். “முதல் வருஷம் முதலாளியோட கிரிக்கெட் ஆசையில பணம் வரும். ரெண்டாவது வருஷம் நீங்க குடுக்குற ரிப்போர்ட்ட பார்த்துதான் வரும்” என்றார். ஆட்டம் முடிந்தபின் எந்தப் பலகை எத்தனை வினாடி திரையில் தெரிந்தது, கூப்பனோடு எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள், ஒப்பந்தத்தில் சொன்னதில் எதைச் செய்யவில்லை என்பதை மறைக்காமல் எழுதும் அறிக்கையை எங்களைக் கொண்டு தயாரிக்கச் செய்தார். என் பழைய வேலையில் நான் எழுதிய விற்பனை அறிக்கைகளைவிட அது கடினமானது. ஏனெனில் சோப்பு விற்றால் எண்ணிக்கை தெரியும், ஜெர்சியின் கைப்பகுதியில் போட்ட சின்னம் எதை விற்றது என்று சொல்வது சுலபமல்ல.

ஒரு வாரம் உள்ளூர் நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து உண்மையிலேயே சந்திப்பு கேட்க வேண்டும் என்று பணித்தார். பெரும்பாலோர் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டார்கள். சேலத்தில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தனை பேர் பாப்பாங்கங்கறது இருக்கட்டும் தம்பி, அதுல எத்தனை வீட்டுல சமைக்கிறாங்க?” என்றார். வகுப்பில் நாங்கள் எதிர்கொண்ட எந்தக் கேள்வித்தாளைவிடவும் அது கூர்மையான கேள்வி. உடற்கல்வி ஆசிரியை அந்த வாரத்தில்தான் எல்லாரையும் முந்தினார். பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கோப்பை வாங்க ஊரில் கடை கடையாக ஏறிப் பழகியவர் என்பதால், மறுப்பது என்பது உரையாடலின் தொடக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தாளில் ஸ்பான்சரின் நிலையின்மையையும் தொட்டார்கள். இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சி உரிமையை 2023-இல் 358 கோடி ரூபாய்க்கு எடுத்த ட்ரீம்11, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியதும் விலகியது. அடுத்து வந்த ஆசியக் கோப்பையில் அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத ஜெர்சியுடன் ஆடியது. பிறகு அப்பல்லோ டயர்ஸ் 579 கோடிக்கு அந்த இடத்துக்கு வந்தது. கிரிக்கெட் வாரியத்துக்குக் கிடைத்த இந்த வசதி சிறிய அணிகளுக்குக் கிடைக்காது. இணைய விளையாட்டு நிறுவனங்களின் பணத்தை நம்பியிருந்த ஒரு சிறிய லீக்கின் விற்பனை அதிகாரி அந்த வாரம் என்ன செய்திருப்பார் என்பதே எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. இதைப்போல் இன்னும் நான்கைந்து பயிற்சிகள் இருந்திருந்தால் இந்தப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைத்திருப்பேன்.

ஆட்ட நாள் ஏற்பாடுகள் குறித்த தாளை வகுப்பறையில் கற்பிக்க முடியாது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. அதனால் ஒரு மாநில அளவிலான தொடரில் எங்களை வேலைக்கு அனுப்பினார்கள். அடையாள அட்டை வழங்கும் மேசை, ஸ்பான்சர் விருந்தினர் அரங்கம், நுழைவாயில் என்று சுழற்சி முறையில் நிறுத்தினார்கள். காவல்துறை அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, ஆம்புலன்ஸ், குடிநீர், கழிப்பறைத் துப்புரவு என்ற பட்டியலில் ஒன்று தவறினாலும் ஆட்டம் தொடங்காது என்பதை அங்கேதான் உணர முடிந்தது. ஓசி பாஸ் என்பது நம் மாநிலத்தில் ஒரு தனிப் பாடமாகவே வைக்கப்பட வேண்டியது. எந்தத் துறைக்கு எத்தனை, யாருக்கு எந்த வரிசை, ஒருவருக்குத் தந்ததை இன்னொருவர் அறிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கைக் கையாண்ட மேலாளரின் நிதானத்தைப் பார்த்துக் கற்றவற்றை எந்தப் பாடநூலும் தராது.

2018-இல் காவிரிப் போராட்டத்தை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு சென்னை அணியின் மீதிச் சொந்த மைதான ஆட்டங்கள் அனைத்தும் புனேவுக்கு மாற்றப்பட்டதை இந்தத் தாளின் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள். விற்ற டிக்கெட்டின் பணத்தைத் திருப்புவது, உள்ளூர் ஸ்பான்சர்களுக்கு வாக்களித்த இருக்கைகளுக்கு மாற்று தேடுவது, அறிமுகமில்லாத ஊரில் சில நாள்களில் ஒரு மைதானத்தை மஞ்சளாக்குவது என ஒவ்வொன்றையும் பிரித்துப் பேசினோம். ரசிகர்களைச் சென்னையிலிருந்து புனேவுக்கு அழைத்துச் செல்ல அணி நிர்வாகம் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் தனி ரயிலே ஏற்பாடு செய்தது. நெருக்கடியை ரசிகர் உறவாக மாற்றிய அந்தச் செயலுக்குப் பின்னால் எத்தனை பேர் எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று யோசிக்க வைத்ததே அந்த வகுப்பின் பயன்.

ஆனால் இந்தப் பயிற்சிக்காலத்துக்குச் சம்பளம் கிடையாது. போக்குவரத்துப் படியும் சாப்பாட்டுப் பொட்டலமும் மட்டுமே. மூன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, தொடரை நடத்துகிறவர்களுக்கு இலவச உழைப்பையும் கொடுக்கிறோம் என்பது பலருக்கு உறுத்தியது, எனக்கும்தான். பயிற்சி பெறுகிறோம் என்ற சமாதானம் முதல் சில நாள்களுக்குச் செல்லும். கைப்பட்டை கட்டிவிடும் அதே வேலையைத் தொடர் முடியும்வரை செய்தவர்களுக்கு அது செல்லாது. பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றித் தருவோம் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

வீரர் மேலாண்மைத் தாள் ஏமாற்றம். 1960-இல் கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மருடன் மார்க் மெக்கார்மக் கைகுலுக்கித் தொடங்கிய ஐஎம்ஜி என்ற வீரர் மேலாண்மை நிறுவனம், 1995-இல் சச்சினுடன் வேர்ல்டெல் நிறுவனம் செய்த ஒப்பந்தம் என்று வரலாறு சுவையாக இருந்தது. ஓர் ஒப்பந்தத்தின் பிரிவுகளை வரி வரியாக வாசிக்கும் வகுப்பு ஒன்றுகூட இல்லை. வீரர் காயமடைந்தால் விளம்பர ஒப்பந்தம் என்னவாகும், தேசிய அணியின் ஸ்பான்சரும் வீரரின் ஸ்பான்சரும் போட்டியாளர்களாக இருந்தால் யாருடைய சொல் செல்லும் என்பவை கேள்விகளாகவே நின்றன. எடுத்துக்காட்டுகள் யாவும் கிரிக்கெட் நட்சத்திரங்கள். சென்னையில் இருந்துகொண்டு சதுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இந்தத் தாளை நடத்த முடிவது வியப்புக்குரியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் இந்த ஊர்க்காரர். அவரைப்போல் ஆகும் முன்னர், பதின்வயதில் ஐரோப்பா முழுவதும் போட்டிக்குப் போட்டி அலையும் ஓர் இளம் ஆட்டக்காரருக்குப் பயணம், விசா, பயிற்சியாளர் கட்டணம், ஸ்பான்சர் கடிதம், பரிசுத்தொகை மீதான வரி ஆகியவற்றைக் கவனிப்பது யார்? பெரும்பாலும் தந்தையோ தாயோ தம் வேலையை விட்டுவிட்டுக் கவனிக்கிறார்கள். அங்கே ஒரு தொழில் காத்திருக்கிறது. பாடத்திட்டத்தின் கண்ணில் அது படவில்லை.

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடும் வகுப்பில் இடம்பெறவில்லை. ரஷ்யாவிடமிருந்து பறிபோன போட்டியைத் தமிழ்நாடு பெற்று, ஏறத்தாழ நான்கே மாதங்களில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கவைத்து நடத்தியதைவிட ஏற்பாட்டுத் தாளுக்கு வேறென்ன பாடம் வேண்டும்? அதேபோல் சென்னை ஓப்பன் டென்னிஸ். 1997 முதல் 2017 வரை அது நுங்கம்பாக்கத்தில் நடந்தது; அதில் பெரும்பாலான ஆண்டுகள் ஜனவரி பிறந்தால் டென்னிஸ் என்றிருந்தது. வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வென்ற மைதானம் அது. 2018-இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. மைதானம் இங்கே, ரசிகர்கள் இங்கே, பெயர்கூட இந்த ஊரின் பெயர். ஆனால் போட்டியை நடத்தும் உரிமை வேறொருவர் கையில் இருந்ததால் அதை எடுத்துச் செல்ல முடிந்தது. விளையாட்டு வணிகத்தில் சொத்து என்பது எது என்று விளக்க இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று இல்லை. பாடக்குழுவினர் மும்பையில் தயாரான ஸ்லைடுகளைச் சென்னையில் ஓட்டுகிறார்கள் என்ற ஐயம் இந்த இடங்களில் உறுதிப்படுகிறது.

சட்டத் தாளின் குறிப்புகள் பழையவை. 2025-இல் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்து கூட்டமைப்புகளின் அமைப்பே மாறும் நிலையில், குறிப்பேடு அதற்கு முந்தைய வழிகாட்டு நெறிகளோடு நின்றுவிட்டது. தரவுப் பகுப்பாய்வு என்று பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் தாள் அடிப்படை எக்செல் பயிற்சி மட்டுமே. ஏற்கெனவே அலுவலக வேலையில் இருப்பவர் அந்த ஞாயிறுகளில் ஓய்வெடுக்கலாம்.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், துண்டறிக்கையில் உள்ள ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி’ என்பதில் உதவிக்குத்தான் உத்தரவாதம், வேலைக்கு அல்ல. என்னுடன் படித்தவர்களில் அணி ஒன்றின் நேரடி ஊழியராகச் சேர்ந்தவர் எவருமில்லை. நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனங்கள், டிக்கெட் தளங்கள், விளையாட்டு உபகரணக் கடைச் சங்கிலிகள், குடியிருப்புகளில் பயிற்சி மையம் நடத்தும் நிறுவனங்கள் ஆகியவையே நேர்காணலுக்கு வந்தன. இவை கௌரவக் குறைவான இடங்கள் அல்ல. தொழில் உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் முதல் சம்பளமாகச் சொல்லப்பட்ட தொகை நான் விற்பனை வேலையில் வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு, ஒப்பந்தங்கள் பலவும் ஒரு பருவத்துக்கானவை. குடும்பப் பொறுப்பு உள்ளவர் இதை முன்னரே கணக்கில் வைக்க வேண்டும். நான் என் வேலையை விடவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே ஸ்பான்சர்ஷிப் செலவைக் கவனிக்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். விளையாட்டு வணிகத்தில் பணம் கேட்கும் மேசைக்கு எதிரே பணம் கொடுக்கும் மேசையும் உண்டு, அங்கே சம்பளம் ஆண்டு முழுவதும் வரும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடற்கல்வி ஆசிரியை மாநில அளவிலான ஒரு தொடரின் விற்பனைக் குழுவில் இப்போது இருக்கிறார். வகுப்பில் ஐபிஎல் புள்ளிவிவரங்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள் இன்னும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்று வழிகளும் உண்டு. இந்தப் படிப்பின் மூதாதை 1966-இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதுநிலைப் படிப்பு. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓ'மாலி தனக்கு நிர்வாகிகள் வேண்டும் என்று கேட்டதன் விளைவாக உருவானது. வேலை தருகிறவர் கேட்டுப் பிறந்த படிப்புக்கும், வேலை தேடுகிறவரின் ஆசையை நம்பிப் பிறந்த படிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படை. இந்தியாவில் ரோத்தக் ஐஐஎம் பணியில் இருப்போருக்கான விளையாட்டு மேலாண்மைப் படிப்பை நடத்துகிறது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றில் நான் படித்ததில்லை என்பதால் தரத்தை ஒப்பிட மாட்டேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: சென்னையிலோ மதுரையிலோ நடக்கும் எந்தச் சர்வதேசப் போட்டிக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுப்பது. ஆட்ட நாள் தாளின் பெரும்பகுதியை அது கற்றுத் தந்துவிடும்.

விற்பனையிலோ நிகழ்ச்சி நடத்துவதிலோ ஏற்கெனவே சில ஆண்டுகள் இருந்து, விளையாட்டுத் துறையில் ஆள்பழக்கம் மட்டும் இல்லாதவருக்கு இந்தப் படிப்பு ஐந்துக்கு மூன்றரை. ஆசிரியர்களின் அறிமுகமும் பயிற்சிக்காலத் தொடர்புகளும் அவருக்கு உடனடியாகப் பயன்படும். பட்டம் முடித்த கையோடு, விளையாட்டின் மீதுள்ள காதலை மட்டும் நம்பிக் கல்விக் கடன் வாங்கிச் சேர விரும்புகிறவருக்கு இரண்டுக்கு மேல் தர மனமில்லை. சேர்வதென்று முடிவெடுத்தால், கடந்த இரண்டு பேட்ச்களில் படித்தவர்களின் தொடர்பைக் கேட்டு வாங்கி அவர்களிடம் நேரில் பேசுங்கள். ஸ்பான்சர்ஷிப் தாளை இந்த முறை யார் நடத்துகிறார் என்று கேளுங்கள், ஏனெனில் அவர் முழுநேர ஊழியர் அல்லர். கட்டணத்தின் இரண்டாம் தவணையைப் பயிற்சிக்காலக் கடிதம் கைக்கு வரும் முன்பே கட்டச் சொல்கிறார்கள். கடிதம் வந்தபின் கட்டுகிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்த சிலருக்கு நிர்வாகம் மறுப்பேதும் சொல்லவில்லை.